பின்வீட்டுக்கு வைஃபை எட்டவில்லை: பழைய ரவுட்டரை வைத்துச் சரிசெய்யலாமா?

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் ஓர் இடத்திலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் டீச்சர் என்றே அழைக்கிறேன். நான்கு பக்கக் கடிதம். கடைசிப் பக்கத்தில் வீட்டின் படத்தைப் பேனையால் கீறி, எங்கே சுவர், எங்கே படி என்று குறித்தும் அனுப்பியிருக்கிறார். போகும் வீடெல்லாம் இப்படி ஒரு படம் கிடைத்தால் எங்கள் தொழிலில் பாதிக் கஷ்டம் இருக்காது.

முன்வீடு அவருடைய அப்பா காலத்தில் கருங்கல்லில் கட்டியது. சுவர் ஒன்றரை அடி தடிப்பு. பின்பக்கம் சின்ன முற்றம். அதிலிருந்து ஒன்பது படி இறங்கினால் பிறகு கட்டிய இரண்டு அறைகள்: சிமெந்துக் கல் சுவர், தகரக் கூரை. உயர்தரம் படிக்கும் மகனும் மாமியாரும் அங்கே இருக்கிறார்கள். ஃபைபர் ரவுட்டர் முன்வீட்டு இஸ்தோப்பில் (விறாந்தையில்), டீவிக்குப் பின்னால். பின்வீட்டுக் கதவடியில் நின்றால் போனில் ஒரு கோடு தெரியும், உள்ளே போனால் அதுவும் இல்லை. மாலையில் ஸூம் வகுப்பு என்றால் பையன் ஐந்தாவது படியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறானாம்.

அலுமாரிக்கு மேல் ஒரு பழைய ரவுட்டர் பெட்டியோடு கிடக்கிறது. ஃபைபர் வருவதற்கு முன் தொலைபேசி லைனில் ஓடிய ஏடிஎஸ்எல் ரவுட்டர். டீச்சரின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கணினிகளை இணைக்கும் லேன் கேபிள் வாங்கி, உடுப்புக் காயப்போடும் கொடியோடு சேர்த்துக் கட்டிக் கீழே இழுத்து, அந்த ரவுட்டரில் மாட்டியிருக்கிறார். பத்து நிமிடத்தில் முன்வீட்டு இணையமும் படுத்துவிட்டது. கழற்றினார், வந்தது. "ஒரு லைன்ல ரெண்டு ரவுட்டர் ஓடாது அக்கா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு வீட்டில் ஆளுக்கொரு கருத்து. டவுன் கடைக்காரர் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பூஸ்டர் வாங்கச் சொல்கிறார். இன்னொரு ரவுட்டர் வைத்தால் பில் இரட்டிப்பாகும் என்கிறார் கணவர். மாலையில் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தால் சிக்னல் படுக்கிறது, அதற்கு ஏதும் வழி உண்டா என்று டீச்சர் கேட்கிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் தங்கை, "எங்களுக்கும் குடு, பாதிக் காசு தாறேன்" என்கிறாராம். பழைய ரவுட்டர் கம்பனியின் சொத்தோ, பாவித்தால் குற்றமோ என்றும் ஒரு பயம். மாமியாருக்கு வேறொரு பயம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

டீச்சர், முதலில் ஒன்பதாயிரத்தைப் பையிலேயே வைத்திருங்கள். உங்கள் தேவைக்கு அந்தப் பழைய ரவுட்டர் போதும். தம்பி செய்ததிலும் முக்கால்வாசி சரி. கம்பி இழுத்தாரே, அதுதான் சரியான வேலை. இரண்டு இடத்தில்தான் பிசகு. ஒன்று ரவுட்டருக்குள்ளே, மற்றது கொடியில்.

ஒரு மலைக்கு இரண்டு கணக்கப்பிள்ளை

வீட்டில் வைஃபையோடு சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஓர் இலக்கம் கொடுக்கிறது. கூடவே, "வெளியே போக வாசல் இது" என்று தன் இலக்கத்தையும் சொல்லி அனுப்புகிறது. இந்தப் பெயர் பதியும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். வீட்டு ரவுட்டர்களில் பலவற்றின் சொந்த இலக்கம் 192.168.1.1. உங்கள் இரண்டும் பெரும்பாலும் அதே இலக்கத்தில்தான் இருந்திருக்கும்.

தம்பி கம்பியைக் குத்தியதும் என்ன நடந்தது தெரியுமா? ஒரே தேயிலை மலையில் இரண்டு கணக்கப்பிள்ளைமார், ஆளுக்கொரு செக்ரோலில் (வேலையாட்களின் பதிவேட்டில்) பேர் போடத் தொடங்கிவிட்டார்கள். பழைய ரவுட்டரிடம் பேர் பதிந்த போன், அது காட்டிய வாசலுக்குப் போய் நின்றது. அந்த வாசலுக்கு அப்பால் லைனே இல்லை. அதனால் முன்வீட்டிலும் இணையம் போனது. ரவுட்டரில் பழுதும் இல்லை, லைனில் பழுதும் இல்லை. ஒரு கணக்கப்பிள்ளையை ஓய்வில் அனுப்பினால் போதும்.

தம்பியைக் கேலி செய்ய வேண்டாம். தொழில் பழகிய காலத்தில் ஓர் அலுவலகத்தில் நானும் இதையே செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் வந்த போன் அழைப்புகள் இன்னும் நினைவிருக்கிறது.

காசில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது

பழையதைக் கையில் எடுக்கும் முன், இருக்கிற ரவுட்டரை டீவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள். டீவியின் உலோகத் தகடு சிக்னலை மறைக்கும். ரவுட்டரின் ஏரியல் நட்டுக்கு நிற்கும்போது சிக்னல் உழுந்து வடை வடிவில் பரவுகிறது. ஏரியல் வடையின் நடு ஓட்டை. நாலு பக்கமும் தாராளமாகப் போகும், நேர் மேலேயும் நேர் கீழேயும் குறைவு. தட்டையான ஊரில் கட்டிய வீட்டுக்கு அது பொருந்தும். மலைச் சரிவில் உங்கள் பின்வீட்டுக் கூரையே முன்வீட்டுத் தரை மட்டத்தில்தான் இருக்கிறது என்று படத்தில் தெரிகிறது. சிக்னல் கருங்கல்லையும் மண்ணையும் தகரத்தையும் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். ஏரியல்களில் ஒன்றைப் படுக்கையாகச் சாய்த்துப் பாருங்கள். ஃபைபர் வயர் எட்டும் தூரத்துக்குள் ரவுட்டரைப் பின்பக்க ஜன்னலடிக்கு நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. அந்த மெல்லிய வயரை மட்டும் மடக்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி.

இதனால் கதவடியில் இருந்த ஒரு கோடு இரண்டாகலாம். பையன் படியிலிருந்து வாசலுக்கு வரலாம். கட்டிலுக்குப் போக மாட்டான். ஒன்றரை அடிக் கருங்கல்லோடு மல்லுக்கட்டி வென்ற ரவுட்டரை நான் இதுவரை பார்க்கவில்லை.

பூஸ்டரா, கம்பியா?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பூஸ்டரும் வேலை செய்யும், ப்ளக்கில் குத்தினால் போதும். ஆனால் சாதாரண பூஸ்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். நாள் முழுக்க நின்றாலும் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம். அதைவிடப் பெரிய சிக்கல், பூஸ்டரை எங்கே வைப்பது என்பது. சிக்னல் இல்லாத அறையில் வைத்தால் திருப்பிச் சொல்ல அதற்கே ஒன்றும் கேட்காது. பாதி வழியில், நல்ல சிக்னல் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். உங்கள் பாதி வழி முற்றம். மழையில் ப்ளக் எங்கே குத்துவது?

இரண்டு வீட்டுக்கும் நடுவில் கம்பி போனால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. மேலேயிருந்து வரும் வேகம் அப்படியே கீழே இறங்கும். பழைய ரவுட்டர் அதைக் காற்றில் விடும் வேலையை மட்டும் செய்யும். உங்கள் கணக்கில் கம்பி 25 மீட்டருக்குள் அடங்கிவிடும். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

கரண்ட் வயர் வழியாகவே இணையம் அனுப்பும் பெட்டிச் சோடிகளும் கடைகளில் உண்டு. அப்பா காலத்து வயரிங்கில் அதை நம்பிக் காசு போடச் சொல்ல மாட்டேன்.

பழைய ரவுட்டர் பழையதுதான். அதன் துளைகளின் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 100 மெகாபிட், வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும். நடைமுறையில் 30, 40 மெகாபிட் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். ஸூம் வகுப்பு ஒன்று நல்ல படத்தோடு ஓடவே 4 மெகாபிட் போதும். பையன் வேகம் போதாது என்று முறைப்பட்டால், அது வகுப்புக்காகத்தானா என்று விசாரியுங்கள்.

தம்பி அடுத்த முறை வரும்போது

இந்தப் பகுதியைத் தம்பியிடம் கொடுங்கள். முக்கால் மணித்தியால வேலை. ஒரு லாப்டொப்பும் ஒரு துண்டுக் கேபிளும் வேண்டும். பழைய ரவுட்டரின் அடப்டர் அதற்குரியதுதானா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் அடப்டரைக் குத்திப் புகை வந்த வீடுகள் எனக்குத் தெரியும். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணும் அடப்டரில் OUTPUT என்ற இடத்தில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம், மேல்வீட்டுக் கேபிளைத் தொடாமல், பழைய ரவுட்டரை லாப்டொப்போடு மட்டும் இணைக்க வேண்டும். பின்னாலுள்ள சின்ன ஓட்டையில் ஊசியால் பத்து விநாடி அழுத்தினால் பழைய அமைப்பெல்லாம் அழியும். அடியில் ஒட்டியிருக்கும் இலக்கத்தை பிரவுசரில் அடித்து, அதே ஸ்டிக்கரிலுள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போகலாம்.

உள்ளே முதலில் மாற்ற வேண்டியது ரவுட்டரின் சொந்த இலக்கம். 192.168.1.1 என்பதை 192.168.1.2 ஆக்குங்கள். சேமித்ததும் பக்கம் காணாமல் போகும், பயப்பட வேண்டாம். புதிய இலக்கத்தை அடித்தால் திரும்ப வரும். பிறகு டிஎச்சிபியை நிறுத்துங்கள். கணக்கப்பிள்ளை ஓய்வில் போய்விட்டார். மேல்வீட்டு ரவுட்டர் எந்த இலக்கத்திலிருந்து போன்களுக்குப் பங்கு போடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2 முதல் என்றிருந்தால் அதை 10 முதல் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது ஒரு போனுக்கு 2 போய்ச் சேரும், அன்று பின்வீட்டில் காரணம் தெரியாமல் இணையம் விட்டுவிட்டு வரும். இந்த மாதிரி வரும் பழுதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆளுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

வைஃபையில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஆக இருக்க வேண்டும். சனல் இலக்கம் மேலே 1 என்றால் கீழே 6 அல்லது 11. இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. பட்டனை அமுக்கிச் சேரும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இவ்வளவு பழைய ரவுட்டருக்குப் புதிய மென்பொருள் இனி வராது, அதனால் கதவைக் கொஞ்சம் இறுக்கமாகவே பூட்ட வேண்டும்.

பெயர் விஷயத்தில் என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் வாரம் கீழே வேறு பெயர் வையுங்கள், "பின்வீடு" என்றாவது. எந்த ரவுட்டர் என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரியும். எல்லாம் ஒழுங்காக ஓடினால் மேல்வீட்டின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கீழேயும் போடுங்கள். போன் தானாக மாறிக்கொள்ளும். சில போன்கள் மட்டும் பழைய சிக்னலை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரி.

கடைசியாகக் கேபிள். ஏடிஎஸ்எல் ரவுட்டரின் பின்னால் ஒரு சின்னத் துளை தனியாக இருக்கும். அது தொலைபேசி லைனுக்கு. அதை வெறுமையாக விடுங்கள். பக்கத்தில் வரிசையாக இருக்கும் நான்கு துளைகளில் ஏதாவது ஒன்றில் மேல்வீட்டிலிருந்து வரும் கேபிளைக் குத்தினால் வேலை முடிந்தது. புதிய இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் தேடும்போது தம்பிக்கும் நினைவிருக்காது.

சில ரவுட்டர்களில் கம்பனி சில பக்கங்களைப் பூட்டி வைத்திருக்கும். இலக்கத்தையோ டிஎச்சிபியையோ மாற்ற விடாவிட்டால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அக்சஸ் பொயின்ட் முறை (கம்பியில் வருவதை வைஃபையாக விடும் வேலை மட்டும்) உள்ள இன்னொரு ரவுட்டரைப் பாவித்ததாக வாங்கினாலும் பூஸ்டர் விலைக்குக் குறைவாகவே முடியும்.

கொடியில் கட்டிய கேபிள்

கடிதத்தில் எனக்கு உண்மையாகவே பயம் தந்த வரி இதுதான். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு இடி எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் கேபிள் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்து மரத்தில் விழுந்தாலே திறந்தவெளியில் தொங்கும் செம்புக் கம்பியில் அழுத்தம் பாயும்.

ஓர் ஏப்ரல் மாதம் என் வீட்டுக்குப் பின்னால் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் இடி விழுந்தது. மரம் மேலிருந்து கீழே தோல் உரிந்து நின்றது. வீட்டுக்குள் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். ரவுட்டரில் விளக்கெல்லாம் எரிந்தது. ஆனால் வெளியே ஓடிய கேபிள் குத்தியிருந்த துளையும், அதன் மறுமுனையில் இருந்த லாப்டொப்பின் துளையும் செத்துப் போயிருந்தன. வைஃபை வேலை செய்ததால் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ரவுட்டரைத் திறந்து பார்த்தபோது அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு. கருகிய நாற்றம் அப்போதும் போயிருக்கவில்லை. அன்றைக்கு லாப்டொப்புக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆகவே கொடியிலிருந்து இறக்குங்கள். சுவரோரமாகப் படிக்குப் பக்கத்தில் பிவிசி குழாய் பதித்து, அதற்குள் கேபிள் போகட்டும். முற்றத்தைக் கடக்கும் இடத்தில் குழாயை மண்ணுக்குள் புதைத்தால் நல்லது. வெளியில் போட என்றே வரும் கறுப்பு உறைக் கேபிளைக் கேளுங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் கேபிள் வெயிலிலும் மழையிலும் வெடித்துவிடும். முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்றும் கேளுங்கள். இரண்டாவது மலிவு, ஆனால் இந்த ஈரத்தில் முனைகள் சீக்கிரம் பொரிந்துபோகும். ஒரு சின்னத் துண்டைச் சீவிப் பார்த்தால், அலுமினியமென்றால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கரண்ட் வயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்கச் சொல்லி யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

குழாயும் புதைப்பதும் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. இடி கேட்கத் தொடங்கும் முன், வானம் இருட்டும்போதே இரண்டு ரவுட்டரிலும் கரண்ட் ப்ளக்கையும் கேபிளையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். இடி விழுந்துகொண்டிருக்கும்போது போய்க் கழற்ற வேண்டாம், ஒரு ரவுட்டர் போனால் போகட்டும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் இன்னொரு வழி உண்டு. முற்றத்தைக் கடக்கும் துண்டுக்குச் செம்புக்குப் பதிலாக ஃபைபர் போட்டு, இரு முனையிலும் அதைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வேர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வைப்பது. உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்கினால் மின்னலின் அழுத்தம் அந்த வழியாகத் தாண்டாது. என் வீட்டில் இப்போது அதுதான் இருக்கிறது.

பனிமூட்டமும் பில்லும்

பனிமூட்டத்தின் மேல் பழியைப் போடாதீர்கள் டீச்சர். ஐம்பது, அறுபது அடித் தூரத்தில் மூட்டமோ மழையோ வைஃபையைக் குறைப்பது கணக்கில் வராது. மூட்டம் ஏறும் நேரமும், ஊரே வேலை முடிந்து வந்து போனைக் கையில் எடுக்கும் நேரமும் ஒன்று. குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்துவதும் அப்போதுதான். ஒரு சோதனை செய்யுங்கள். மூட்டம் உள்ள ஒரு மாலையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்து பாருங்கள், பிறகு பின்வீட்டுக் கதவடியில். இரண்டு இடத்திலும் படுத்திருந்தால் லைனில் நெரிசல், கம்பனிக்குப் போன் போடுங்கள். மேலே நன்றாக இருந்து கீழே மட்டும் இல்லையென்றால் சுவர்.

பில் ரவுட்டர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. லைனில் எத்தனை ஜீபி போனது என்பதுதான் கணக்கு, அதனால் கணவர் கவலைப்பட வேண்டாம். ஆனால் அவர் பயத்திலும் ஒரு நியாயம் உண்டு. கட்டிலில் சிக்னல் வந்தால் பாவனை கூடத்தான் செய்யும். முழு எச்டி வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றரை ஜீபியிலிருந்து மூன்று ஜீபி வரை குடிக்கும். முதல் மாதம் பக்கேஜில் எவ்வளவு மீதி என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

யாருடைய ரவுட்டர், யாருடைய லைன்

நான் சட்டத்தரணி இல்லை, தொழிலில் கண்டதைச் சொல்கிறேன். பழைய ரவுட்டர் யாருக்குச் சொந்தம் என்பது இணைப்பு எடுத்தபோது கையெழுத்து வைத்த தாளில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் உங்களுடையது. இரவலாகவோ வாடகைக்கோ தந்ததென்றால் திருப்பிக் கேட்கும் உரிமை கம்பனிக்கு உண்டு. தாள் இல்லையா? வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, "பழைய ரவுட்டரைத் திருப்பித் தர வேண்டுமா?" என்று கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் திகதியையும் குறித்து வையுங்கள். வேண்டாம் என்றால் நிம்மதியாகப் பாவிக்கலாம். புது ஃபைபர் பெட்டி வேறு விஷயம். அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுவதோ உள்ளமைப்பைக் கிண்டுவதோ வேண்டாம். மேலே நான் சொன்ன 10 முதல் என்ற மாற்றம் மட்டும் போதும்.

தங்கை விஷயத்தில் உங்களுக்குச் சங்கடம் என்று தெரிகிறது. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீட்டு இணைப்பை வேறு வளவுக்குக் கொடுப்பதையும் விற்பதையும் ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடுக்கின்றன. ஒழுங்காகக் காசு வாங்கி இணையம் கொடுப்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் சம்பந்தப்பட்ட விஷயம். தங்கை தரும் பாதிக் காசுக்காக யாரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அது சரியாகவும் இருக்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த லைனில் யார் என்ன செய்தாலும் விசாரணை முதலில் வந்து நிற்பது லைன் யார் பெயரிலோ அவரிடம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் ஒரு முறைப்பாடு வந்தால், லயத்தில் யாரோ ஒரு பையன் தங்கையின் கடவுச்சொல்லை வாங்கி ஏதோ செய்தான் என்று நீங்கள் பொலிஸில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். வெளியாரை வீட்டுப் போன்களிலிருந்து பிரித்து வைக்கும் விருந்தினர் வைஃபை போட்டுக் கொடுக்கலாமே என்று தம்பி சொல்லக்கூடும். பழைய ரவுட்டரை நாம் வைக்கும் இந்த முறையில் அந்தப் பிரிப்பு பெரும்பாலும் வேலை செய்யாது, எல்லாரும் ஒரே வீட்டுக்குள்தான் இருப்பார்கள்.

கம்பி இழுப்பதென்றாலும் நடுவில் ரோடு இருக்கிறது. லயத்துச் சுவரில் துளை போடத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தங்கையின் பிள்ளைகள் பரீட்சைக்காலத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து படித்துவிட்டுப் போகட்டும். மற்ற நாளுக்கு அவர் பெயரிலேயே ஒரு சின்ன 4ஜி இணைப்பு எடுத்தால், அந்தப் பாதிக் காசில் பெரும்பகுதி அதற்கே போதுமாக இருக்கும். இதை நேராகச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் என் தலையில் போடுங்கள்: "அந்த ஆள் கூடாது என்று எழுதிவிட்டார்."

மாமியாருக்கு

தலைமாட்டில் ரவுட்டர் இருந்தால் நோய் வரும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்களாம், அம்மா இரண்டு இரவு தூங்கவில்லையாம். வீட்டு ரவுட்டர் காற்றில் விடும் சக்தி ஏறக்குறைய ஒரு வாட்டின் பத்தில் ஒரு பங்கு. தள்ளித் தள்ளிப் போக அது வேகமாகக் குறைந்துவிடும். இப்படிப்பட்ட பலவீனமான அலைகளால் உடம்புக்குக் கேடு என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டாம். ரவுட்டரைப் பையனின் அறையில், அலுமாரிக்கு மேல், உயரத்தில் வையுங்கள். சிக்னலுக்கும் அதுதான் நல்ல இடம். இரவு பத்து மணிக்கு அவனே ப்ளக்கைக் கழற்றட்டும். கழற்றவில்லை என்றால் அம்மாவுக்கு உடனே தெரிந்துவிடும், அந்தப் பச்சை விளக்கின் மினுக்கம் கதவிடுக்கு வழியாக அவர் கட்டில் வரை வரும்.